முதலாண்டு வகுப்பில் புரொமீத்தியஸ்

நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் சேரும் மாணவர் இயற்பியல் படிக்கப்போகிறவராக இருந்தாலும் சரி, பொருளியல் படிக்கப்போகிறவராக இருந்தாலும் சரி, முதலாண்டில் ஹோமரின் இலியட்டைப் படித்தே ஆகவேண்டும். 1937-இல் தொடங்கிய பொது இலக்கியப் பாடம் அது. நம் நாட்டில் இதற்கு அருகில் வருவது டெல்லிப் பல்கலைக்கழகத்து ஆங்கில இலக்கிய மாணவர்களின் முதல் பருவம். 2015-இல் வந்த பாடத்திட்டத்தில் ஐரோப்பியச் செவ்வியல் இலக்கியத் தாளில் இலியட்டும் சோஃபக்கிளிஸின் ஈடிபஸும் இருந்தன. அதன் இணைத்தாளான இந்தியச் செவ்வியல் இலக்கியத்தில் காளிதாசன், சூத்ரகன் ஆகியோரோடு சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டமும் ஆங்கில மொழிபெயர்ப்பில் இடம்பெற்றது. அக்கிலீஸின் சினத்தையும் செங்குட்டுவனின் வடதிசைப் பயணத்தையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது இலக்கியம் படிக்க வந்தவர்களுக்கு மட்டுமே வைத்த பந்தி.

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் நிலைமை வேறு. இங்கே வேதியியல் மாணவனும் வணிகவியல் மாணவியும் ஒரே நூலைப் படிக்கும் இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம். துறைப்பாடம் பகுதி 3-இல்தான் வருகிறது. கொலம்பியாக்காரர்கள் தனித்திட்டம் போட்டு உருவாக்கிய பொது வாசிப்பு நமக்குப் பழைய ஏற்பாட்டிலேயே கிடைத்துவிட்டது. அதை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது வேறு கதை. பெரும்பாலும் சில செய்யுள்கள், சில சிறுகதைகள், கொஞ்சம் இலக்கணம், விண்ணப்பம் எழுதும் பயிற்சி என்று துண்டு துண்டாகப் போய்விடுகிறது. முழுதாக ஒரு நூலைத் தொடக்கம் முதல் முடிவுவரை படித்தோம் என்ற நினைவு முதலாண்டு மாணவருக்குக் கிடைப்பது அரிது.

பாடமாக வைப்பதற்கு நம் மொழியில் பெரிய வலிமை இருந்திருக்கிறது. சீவக சிந்தாமணியின் முதற்பகுதியான நாமகள் இலம்பகத்தை 1868-இல் பவர் பாதிரியார் அச்சிட்டது தேர்வு எழுதும் மாணவர்களுக்காக. உ.வே. சாமிநாதையரின் முழுப் பதிப்பு வந்ததோ 1887-இல். பாடத்திட்டக் குழுவின் முடிவு சில நேரம் ஒரு நூலின் ஆயுளையே மாற்றிவிடும் என்பதற்கு இது போதும்.

இனி விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். இங்குள்ள கல்லூரிகளின் பெயர்ப்பலகைகளே ஒரு வரலாறு. விருதுநகரில் 1947-இல் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1962-இல் வே.வ. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி. சிவகாசியில் 1963-இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி; 1968-இல் ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி; 2000-இல் ஸ்ரீ காளீஸ்வரி கல்லூரி. விருதுநகரின் கல்வி வணிகத்திலிருந்து முளைத்தது. சிவகாசியின் கல்வி தீப்பெட்டியிலிருந்தும் பட்டாசிலிருந்தும். வெடித்தொழிலின் பெயரையே நெற்றியில் ஒட்டிக்கொண்ட மகளிர் கல்லூரி உலகில் வேறெங்கும் இருக்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம். இவற்றில் பல தன்னாட்சி பெற்றவை. என்ன பாடம் வைப்பது என்பதைக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவே முடிவுசெய்யலாம். 2023-இல் மாநில உயர்கல்வி மன்றம் பொதுப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது இந்த உரிமையைக் காக்கத்தான். உரிமை இருக்கிறதென்றால் அதைப் பயன்படுத்தியும் பார்க்கலாம் அல்லவா? இந்தக் கல்லூரிகளின் முதலாண்டு மாணவர் அனைவரும் சேர்ந்து படிக்க ஒரே ஒரு பழைய கிரேக்க நூலைத் தேர்ந்தெடுப்பதானால் எது பொருந்தும்? எஸ்கிலஸின் பெயரில் வழங்கும் ‘கட்டுண்ட புரொமீத்தியஸ்’ நாடகம் என்பது என் முடிவு. ஆனால் அதில் நெருப்பு வருகிறது என்பதற்காக அல்ல.

முதலில், கிரேக்கம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. புறநானூறு இருக்கும்போது இலியட் ஏன் என்று கேட்பவரிடம் எனக்குச் சண்டை இல்லை. முதலாண்டுக்கு இலியட்டை நானும் பரிந்துரைக்கவில்லை. 24 காண்டம், 15,000 வரிகளுக்கு மேல். ஒரு பருவத்தில் அடங்காது, துண்டாக்கினால் பொருளிழக்கும். வீரயுகத்தின் புகழும் சாவும் பற்றி நம் மாணவர் அறியவேண்டியதைப் புறப்பாட்டுகளே இன்னும் செறிவாகச் சொல்லும். ஆனால் கிரேக்கத்தைத் தமிழோடு வைத்துப் பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு மரபு இருக்கிறது. வ.வே.சு. ஐயர் கம்பனை ஹோமரோடும் மில்டனோடும் நிறுத்தி எடைபோட்டார். தனிநாயகம் அடிகள் சங்கப் பாட்டின் இயற்கையை ஆராய்ந்தபோது கிரேக்க, இலத்தீன் கவிதைகளையும் அருகே வைத்துக்கொண்டார். எல்லாவற்றிலும் உறுதியான வேலை க. கைலாசபதியுடையது. சங்கப் பாடல்களை ஹோமரின் வாய்மொழி மரபோடு ஒப்பிட்ட அவரது ஆய்வு 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. அந்த ஆய்வை அவர் செய்தது பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம். அந்தத் தாம்சன்தான் 1932-இல் ‘கட்டுண்ட புரொமீத்தியஸ்’ நாடகத்துக்கு உரையும் மொழிபெயர்ப்பும் சேர்த்துப் பதிப்பு வெளியிட்டவர்; பின்னர் எஸ்கிலஸையும் ஏதென்ஸின் சமூக வரலாற்றையும் இணைத்துத் தனி நூலே எழுதியவர். ஆக, சங்க இலக்கிய ஆராய்ச்சியின் ஒரு முக்கியத் திருப்பத்துக்குப் பின்னால் இந்த நாடகத்தின் பதிப்பாசிரியர் நின்றுகொண்டிருக்கிறார். விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றிலிருந்து வந்த எஸ். ராமகிருஷ்ணன் உலக இலக்கியத்தைப் பற்றித் தமிழில் மணிக்கணக்காகப் பேசி, அரங்கு நிறைய ஆட்களை உட்காரவைத்ததையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். கரிசல்காட்டுக்கு ஹோமர் அன்னியர் அல்லர்.

புரொமீத்தியஸுக்கு உண்மையான போட்டி ஈடிபஸ். பட்டாசுப் பகுதிக்கு அதுவும் வலுவாகப் பொருந்தும். நகரில் சாவு விழுகிறது. காரணமானவனைக் கண்டுபிடிப்பேன் என்று அரசன் சபதம் செய்கிறான். சாட்சிகளை ஒவ்வொருவராக அழைக்கிறான். விசாரணை கடைசியில் விசாரித்தவனையே பிடிக்கிறது. ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் விசாரணைக்குழு அமைக்கப்படும் மாவட்டத்தில் இதைவிடக் கூர்மையான கதை உண்டா? இருந்தும் நான் தயங்குகிறேன். ஈடிபஸின் கதையில் குற்றவாளி ஒருவனே. தேடிப் போனால் ஓர் ஆள் கிடைப்பான், அவன் கண்ணைக் குத்திக்கொள்வான், நகரம் நோய் நீங்கும். இந்தப் பகுதியின் விபத்துகள் அப்படி நடப்பதில்லை.

2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தபோது இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில், அறைகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியவர்கள் வேறு சிலர் என்பது அடுத்த நாட்களின் செய்தியில் வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. இந்தத் தொழிலை அறிந்த எவருக்கும் அந்த அடுக்கு புதிதல்ல: உரிமம் வைத்திருப்பவர், உள்குத்தகைக்காரர், கண்ட்ராக்டர், போர்மேன், கடைசியில் மருந்து செலுத்துகிற கை. மேலிருந்து தீபாவளிக்கான ஆர்டர் இறங்கும்; கீழே அறையில் இருக்கவேண்டியதற்கு மேல் ஆளும் மருந்தும் சேரும்; வெயில் ஏறும். மறுநாள் பத்திரிகை ‘மருந்துக் கலவையில் உராய்வு’ என்று எழுதும். உராய்வுக்கு முகவரி கிடையாது. அந்த வரியை எழுதும் நிருபரைக் குறை சொல்லவும் முடியாது. முதல் தகவல் அறிக்கையே அதற்குமேல் ஒன்றும் அவருக்குத் தருவதில்லை.

இப்போது நாடகத்தின் முதற்காட்சியைப் பாருங்கள். உலகின் விளிம்பில், ஆளில்லாத மலை. நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்த புரொமீத்தியஸைப் பாறையில் அறைந்து கட்ட மூன்று பேர் வருகிறார்கள். கிராட்டோஸ் என்பவன் அதிகாரம், பியா என்பவள் வன்முறை, ஹெஃபைஸ்டஸ் கொல்லன். தண்டனை விதித்தவன் தேவர்களின் அரசன் சியூஸ். அவன் இந்தக் காட்சியிலும் வரமாட்டான், நாடகம் முடியும்வரை மேடைக்கே வரமாட்டான். பியா மேடையில் இருக்கிறாள். ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் கிராட்டோஸ்தான்: ஆணியை இன்னும் ஆழமாக இறக்கு, வளையத்தை இறுக்கு, வேலையைச் சோதிக்கிறவர் கண்டிப்பானவர் என்று நினைவிருக்கட்டும். சுத்தியல் கொல்லன் கையில். அவனுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. கட்டப்படுகிறவன் தன் இனத்தான், உறவினன் என்று புலம்புகிறான். செய்யாவிட்டால் தனக்கு என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். இத்தனைக்கும் திருடுபோன நெருப்பு அவனுடைய உடைமை; கோபப்பட உரிமை உள்ளவன் யாராவது இருந்தால் அது அவன்தான். அவனோ தன் கைத்தொழிலையே வெறுத்துப் பேசுகிறான். அதற்குக் கிராட்டோஸ் தரும் பதில் கூர்மையானது: இப்போது நடக்கும் துன்பத்துக்கு உன் தொழில் காரணமில்லையே, அதை ஏன் வெறுக்கிறாய்?

இந்த இடம்தான் எனக்கு முக்கியம். ஓர் ஆணை எப்படிக் கைமாறிக் கைமாறிச் சுத்தியலை வந்தடைகிறது என்பதை எண்பதே வரிகளில், ஒரு தத்துவ விளக்கமும் இல்லாமல், இந்த நாடகம் மேடையில் நிறுத்திக் காட்டுகிறது. ஆணையிட்டவன் கண்ணில் படமாட்டான். வன்முறை வாய் திறக்காது. மேற்பார்வை மட்டும் ஓயாமல் கத்தும். வேலை செய்கிறவன் மனம் ஒப்பாமலே வேலையைச் செய்து முடிப்பான், அதுவும் நன்றாகவே செய்வான். ஈடிபஸில் இல்லாத அடுக்கு இதில் இருக்கிறது. முதலாண்டு மாணவரில் ஒரு பாதிக்கு இந்த அடுக்கில் ஏதோ ஒரு படியில் அப்பாவோ அம்மாவோ சித்தப்பாவோ இருப்பார். சிலருக்கு மேல்படியில், பலருக்குக் கீழ்ப்படியில். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் இதைப் படிக்கவேண்டும் என்பதே என் வாதத்தின் மையம்.

நெருப்பைப் பற்றியும் சொல்லாமல் தீராது. சிவகாசி அதைக் கேட்காமல் விடாது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சி செய்யும் வித்தையைக் கற்றுத் திரும்பிய கதை இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். மழை பொய்க்கும் கரிசல் பூமி, விவசாயம் சோறு போடாத ஊர், வெயிலைத் தவிர வேறு முதல் இல்லை. அந்த வெயிலே குச்சியை உலர்த்தவும் மருந்தைக் காயவைக்கவும் உதவியது. புரொமீத்தியஸ் வானத்து நெருப்பைத் திருடிக் கொண்டுவந்தது ஒரு செடியின் தண்டுக்குள் வைத்து. பெருங்காயம் தரும் செடியின் இனத்தைச் சேர்ந்த ஓங்கிய காட்டுச்செடி அது. உலர்ந்த தண்டின் உள்சோற்றில் நெருப்பு மெல்லக் கனன்றுகொண்டே போகும், மேல்தோல் எரியாது. மத்தியதரைக்கடல் நாடுகளில் நெருப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துப்போக உண்மையாகவே இந்த வழியைக் கையாண்டிருக்கிறார்கள். குச்சிக்குள் நெருப்பு. ‘குட்டி ஜப்பான்’ என்று பெயர்பெற்ற சிவகாசியின் மாணவர்களுக்கு இதை விளக்கச் சொல்லித்தரவே வேண்டாம்.

ஆபத்து இந்த இடத்தில்தான். இப்படிப் படித்தால் நாடகம் தொழிலதிபர்களுக்கான வாழ்த்துமடலாகிவிடும்: இருண்ட ஊருக்கு நெருப்பைக் கொண்டுவந்த தியாகிகள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. விருதுநகர் நாடார்கள் கோயிலுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் நுழைவதற்கே போராடவேண்டியிருந்த காலத்தில், தங்களுக்குள் மகமை வசூலித்து 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி அதை நடத்தினார்கள். காமராஜர் அங்கே படித்தவர். மறுக்கப்பட்டதைத் தாங்களே எடுத்துக்கொண்ட ஒரு சமூகம் புரொமீத்தியஸில் தன் முகத்தைப் பார்த்தால் அது பொய்யான பார்வை ஆகாது. ஆனால் நாடகம் அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. மேடையில் நெருப்பைக் கொடுத்தவன் கட்டப்பட்டிருக்கிறான் என்பது உண்மை. அந்த நெருப்பை வைத்து வேலை செய்கிற மனிதர்களோ மேடைக்கே வருவதில்லை. சியூஸைப் போலவே அவர்களும் திரைக்குப் பின்னால்தான். ஆலையின் பெயரைத் தாங்கிய கல்லூரியில் இந்தக் கேள்வியை எழுப்ப முடியுமா என்று சிலர் தயங்கலாம். முடியும் என்றே நினைக்கிறேன். கேள்வியை எழுப்புவது ஆசிரியர் அல்லர், எஸ்கிலஸ்.

நாடகத்தில் புரொமீத்தியஸ் தான் மனிதருக்குக் கொடுத்தவற்றைப் பட்டியலிடும் பகுதி ஒன்று உண்டு. எண், எழுத்து, மாட்டை நுகத்தில் பூட்டுவது, பாய்மரம், மருந்து, நிமித்தம், மண்ணுக்குள் கிடக்கும் உலோகம் என்று போகும். நெருப்பும் எழுத்தும் ஒரே கொடையாளியிடமிருந்து வந்தவை. சிவகாசியில் நடந்ததும் அதேதான். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று வந்த அச்சுத்தொழில் வளர்ந்து, நாட்காட்டியும் நோட்டுப்புத்தகமும் பாடநூலும் இந்த ஊரிலிருந்து நாடு முழுக்கப் போகின்றன. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் கையில் இருக்கும் நூல்களிலும் நோட்ஸுகளிலும் சிவகாசி அச்சகத்தின் மை இருக்கும். இங்கே ஒரு நூலைப் பாடமாக வைத்தால் அதன் தாளை அடுக்கி மடித்துத் தைக்கிறவர் அதைப் படிக்கிற மாணவியின் அக்காவாகவும் இருக்கலாம்.

பட்டியலுக்கு முன்னால், நெருப்புக்கும் முன்னதாக, புரொமீத்தியஸ் இன்னொன்றைச் சொல்கிறான். மனிதர்கள் தங்கள் சாவை முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவன் அதை நிறுத்திவிட்டான். எப்படி என்று கோரஸ் கேட்க, அவர்களுக்குள் கண்ணில்லாத நம்பிக்கைகளைக் குடிவைத்தேன் என்கிறான். அதற்குப் பிறகே நெருப்பு. இந்த வரிசையைக் கவனிக்காமல் நாடகத்தைப் படிப்பதில் பொருளில்லை. முன்கூட்டி அறிந்தால் யாரும் நெருப்பைத் தொடமாட்டார்கள். எனவே முதலில் மறதி, பிறகு தொழில். மருந்து கலக்கும் அறைக்குள் போகிற ஒருவர் அந்த அறையில் நடந்ததை எல்லாம் நினைத்துக்கொண்டே போனால் வேலை நடக்காது. அது கொடையா, வஞ்சனையா? நாடகத்தில் கோரஸ் அதைப் பெரிய உதவி என்றே சொல்கிறது. ஹெஸியட் இதே கதையைச் சொல்லும்போது நம்பிக்கை பண்டோராவின் சாடிக்குள் தங்கிவிட்டது என்கிறார். அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை உரையாசிரியர்கள் தீர்த்துவைக்கவில்லை. இதை முதலாண்டு மாணவரிடம் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வது நல்லது. அவர்களுக்கு உரையாசிரியர்களைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

கோரஸ் என்றேன். கடலரசனின் புதல்விகள் அவர்கள். இரும்பின் மேல் இரும்பு மோதும் ஓசை அவர்களுடைய குகைக்குள் கேட்கிறது. செருப்புகூடப் போடாமல் ஓடிவந்ததாகச் சொல்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தபோது, அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். நாடகத்தின் முடிவில் சியூஸின் தூதன் ஹெர்மிஸ் கோரஸ் பெண்களிடம் விலகிப் போய்விடுங்கள், இடி இறங்கப்போகிறது என்று எச்சரிக்கிறான். அவர்கள் மறுத்துவிடுகிறார்கள். நிலம் அதிர்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் காட்சியை மாணவிகளே நடித்துக் காட்டினால் அது ஏதென்ஸுக்கு உரியதாக இருக்காது.

அயோவைப் பற்றி மகளிர் கல்லூரிகள் தனியாகப் பேசவேண்டியிருக்கும். சியூஸின் கண்பட்டதால் மாட்டுக்கொம்பு முளைத்து, பூச்சி கடிக்க நாடு நாடாக ஓடும் பெண். அவளை வீட்டைவிட்டு வெளியேற்றியது அவளுடைய அப்பா. விருப்பத்தோடு அல்ல, வெளியேற்றாவிட்டால் குலமே அழியும் என்று குறி சொன்னதால். ஹெஃபைஸ்டஸின் நிலைதான் அந்தத் தந்தைக்கும். இதைப் படிக்கும்போது தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியும்முன் கிராமம் கிராமமாகச் சிறுமிகளை ஏற்றிப்போன காலம் நினைவுக்கு வராமல் இருக்காது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இலும் பிறகு 1996-இலும் தீர்ப்பளித்தது. குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நலநிதிக்குக் கட்டவேண்டும் என்று இரண்டாம் தீர்ப்பு சொன்னது. பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ படம் அந்த வாழ்க்கையைத்தான் காட்டியது. அயோவின் காட்சியையும் அந்தப் படத்தையும் ஒரே வாரத்தில் வைத்தால் போதும், விரிவுரை தேவைப்படாது. அந்தச் சிறுமிகளின் மகள்கள் சிலர் இன்று இதே கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

தொழில் சார்ந்தவர்களுக்கே அவர்கள் தொழிலைத் தொடும் கிரேக்க நாடகத்தை வாசித்துக்காட்டும் முயற்சி வெளியே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பிரையன் டோரிஸ் என்ற நாடகக்காரர் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு சோஃபக்கிளிஸின் ஏஜாக்ஸையும் ஃபிலொக்டீட்டிஸையும் வாசிக்கவைத்து, வாசிப்பு முடிந்ததும் அவர்களையே பேசவிட்டார். சிறைக் காவலர்களுக்கு அவர் தேர்ந்தெடுத்தது ‘கட்டுண்ட புரொமீத்தியஸ்’. காவலரின் கண் முதலில் எங்கே போகும்? சங்கிலியை மாட்டுகிறவன் பக்கம்தான். டோனி ஹாரிசன் 1998-இல் எடுத்த படமோ இதே கதையை இங்கிலாந்தின் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் கொண்டுபோனது. நெருப்பு சார்ந்த தொழில் நலியும்போது இந்தக் கதை திரும்பவும் எடுக்கப்படுகிறது போலும். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடைசெய்து, தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மட்டும் பட்டாசு வெடிக்க அனுமதித்த பிறகு சிவகாசியின் நிலையும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. டெல்லியின் காற்றுக்காகக் கொடுக்கப்படும் விலையில் ஒரு பங்கைத் திருத்தங்கல்லில் யாரோ கட்டுகிறார்கள். இரு பக்கமும் நியாயம் இருக்கும் வழக்கு இது; சியூஸையும் ஒரேயடியாகக் கொடுங்கோலன் என்று தள்ளிவிடலாமா என்று கேட்கும் அறிஞர்கள் உண்டு என்பதையும் மாணவருக்குச் சொல்லவேண்டும்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த நாடகம் தொடரின் ஒரு பகுதி. விடுதலை பெறும் புரொமீத்தியஸைப் பற்றிய அடுத்த நாடகம் தொலைந்துவிட்டது. சிசரோ இலத்தீனில் பெயர்த்து வைத்த ஒரு பகுதி உட்படச் சில துணுக்குகளே மிச்சம். இந்த நாடகத்தை எஸ்கிலஸ்தான் எழுதினாரா என்பதும் சந்தேகம். மார்க் கிரிஃபித் 1977-இல் எழுதிய நூல் நடையையும் யாப்பையும் வைத்து அவர் எழுதியதல்ல என்று வாதிட்டது. இதெல்லாம் பாடமாக வைக்கத் தடையா? தொல்காப்பியத்தின் காலத்தையும் திருவள்ளுவரின் வாழ்க்கையையும் பற்றிக் கேட்டு வளர்ந்த தமிழ் மாணவருக்கு இத்தகைய ஐயம் புதிதல்ல. ஆசிரியர் பெயர் உறுதியில்லாத நூலை எப்படி மதிப்பது என்று பேச இதுவே நல்ல சந்தர்ப்பம்.

நடைமுறைக்கு வருவோம். நாடகம் ஏறத்தாழ 1,100 வரிகள்; உரக்க வாசித்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பகுதி 2 ஆங்கிலத்தில் மூன்று, நான்கு வாரம் போதும். எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் மொழிபெயர்ப்புக்குக் காப்புரிமைத் தொல்லை இல்லை, ஆனால் அதன் நடை நம் முதலாண்டு மாணவருக்குக் கிரேக்கத்தைவிடக் கடினம். ஃபிலிப் வெல்லகாட்டின் பென்குவின் பதிப்பு எளிது. அதைவிட நல்லது, பகுதி 1 தமிழ் வகுப்போடு சேர்ந்து முதற்காட்சியின் எண்பது வரியை மட்டும் மாணவர்களே தமிழாக்கிப் பார்ப்பது. கிராட்டோஸின் அதட்டல் எந்தத் தமிழில் வரும், போர்மேனின் தமிழிலா, போலீசின் தமிழிலா என்ற விவாதத்திலேயே பாதிப் பாடம் நடந்துவிடும். கரிசல் வழக்கில் எழுத கி. ராஜநாராயணனும் பூமணியும் மேலாண்மை பொன்னுச்சாமியும் வழிகாட்டியிருக்கிறார்கள். அவர்களையே அகராதியாக வைத்துக்கொள்ளலாம்.

தேர்வு வந்தால் நோட்ஸ் வரும், நோட்ஸ் வந்தால் ‘நெருப்பு அறிவின் குறியீடு’ என்ற பத்து வரி விடையும் வரும். அதைத் தவிர்க்க ஒரே வழி அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதுதான். புரொமீத்தியஸ் கட்டப்பட்டதற்குப் பொறுப்பாளி யார், சியூஸா, கிராட்டோஸா, பேசாத பியாவா, ஹெஃபைஸ்டஸா என்று கேட்கலாம். நான்கு பேரையும் வரிசைப்படுத்தி நியாயம் சொல்லச் சொல்லலாம். ஹெஃபைஸ்டஸை எங்கே வைப்பது என்பதில்தான் விடைகள் பிரியும். ஆசிரியர் ஒரு விடையை மனத்தில் வைத்துக்கொண்டு திருத்தக்கூடாது, ஏனென்றால் நாடகமும் தீர்ப்பு சொல்லவில்லை. ஆணி இறங்கி முடிந்ததும் ஹெஃபைஸ்டஸ் கிளம்பிவிடுகிறான், மேடைக்கு மறுபடி வருவதில்லை. பின்னால் எட்னா எரிமலையைப் பற்றிய பேச்சில் ஒருமுறை அவன் பெயர் வருகிறது. அதன் உச்சியில் உட்கார்ந்து, பழுக்கக் காய்ந்த இரும்பை அடித்துக்கொண்டிருக்கிறானாம்.